மூன்று ஆன்டிவைரஸும் ஒரு மூட்டைச் சீட்டும்

வியாழக்கிழமை காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் வலது மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எழும்பியது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம், பெட்டிக்கு நேர் கீழே கடிகாரம் இருந்தது. ஆபத்து பிடிபட்டது என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தார்கள். ஒன்று, தனியே ஒதுக்கு. இன்னொன்று, அழித்துவிடு.

நான் இரண்டாவதை அழுத்தினேன்.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னமும் அந்த மூலையில் எது எழும்பினாலும், நாளைக்கு மழை வரும் என்ற தகவலாகவே இருந்தாலும், என் கை மவுசை விட்டுத் தானாக விலகிவிடுகிறது. நான் வேலை பார்த்த அரிசி ஆலையில் இப்போது கம்ப்யூட்டரில் உட்காருகிறவர்கள் போன வாரம் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இலவச ஆன்டிவைரஸில் எது நல்லது, மூன்றையும் போட்டுப் பார்த்தவர் நீங்கள்தானே என்று கேட்டார்கள். ஊரில் எனக்கு அப்படி ஒரு பெயர் வந்துவிட்டது. எது நல்லது என்று எனக்குத் தெரியாது. எப்படிப் போடக்கூடாது என்று தெரியும். அதைச் சொல்ல ஆலைக்குள்ளும் ஒரு நடை போய் வர வேண்டும்.

செஞ்சிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஆலையில் இருபத்தேழு வருடம் சாம்பிள் பார்த்தேன். வரலாறு படித்துவிட்டு நெல்லுக்கு வந்தவன். முதல் இரண்டு வருடம் மூட்டை எண்ணினேன், தும்மினேன். வேறு சொல்ல ஒன்றுமில்லை. பிறகு கையில் குத்தூசி வந்தது. அதை மூட்டையின் வயிற்றில் செருகினால் அதன் பள்ளத்தில் ஒரு பிடி நெல் வந்து விழும். உள்ளங்கையில் போட்டுத் தேய்த்து, ஊதி, ஒரு மணியைப் பல்லில் கடித்தால் ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஐம்பத்தைந்து வயதில் தவிட்டுத் தூசி நெஞ்சில் கட்டிக்கொண்டது. டாக்டர் போதும் என்றார். வந்துவிட்டேன்.

எங்கள் சூப்பர்வைசர் சுப்பராயன் சார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம். அவர் வகுத்து வைத்த முறைகள் மூன்று. வண்டியிலிருந்து இறங்கும் மூட்டையை மூன்று பேர் பார்க்க வேண்டும்: இறக்குகிறவர், எடை போடுகிறவர், நான். மூவரில் ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் மூட்டை உள்ளே போகாது. அடுத்து, ஒரு மூட்டை கெட்டிருந்தால் அதே குறி போட்ட மூட்டை ஆலையில் வேறெங்கே இருந்தாலும் தேடிப் பார்த்துவிட வேண்டும். கடைசி முறைதான் அவருக்கு உயிர். சந்தேகப்பட்ட மூட்டையைப் பாய்லருக்கு எதிர்ப்பக்கம் பலகைமேல் தனியாக அடுக்கி, அதன் வாயில் ஒரு சீட்டுக் கட்ட வேண்டும். சீட்டில் நாலே வரி. யாருடையது, எங்கிருந்து வந்தது, சந்தேகம் என்ன. நாலாவது வரி எல்லாச் சீட்டிலும் ஒன்றுதான்: உரியவர் முன்னிலையில் பார்க்கவும்.

முதல் இரண்டு முறைகளையும் நான் வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தேன். மூன்றாவது ஆலையிலேயே நின்றுவிட்டது.

கம்ப்யூட்டர் என் மகள் ஸ்டெல்லாவுக்காக வாங்கியது. அவள் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ. சேர்ந்தபோது, பழையதாக வந்தது. வந்த முதல் மாதமே ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்த பென் டிரைவ் வழியாக வைரஸ் ஏறி, எல்லா ஃபோல்டரையும் மூலையில் அம்புக்குறி போட்ட பொம்மைகளாக மாற்றிவிட்டது. திறந்தால் ஒன்றும் இல்லை. அதில் ஸ்டெல்லா சின்னப் பிள்ளையில் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாப் படங்கள் இருந்தன. ஒரு ரிப்பேர் கடைக்காரர் பாதியை மீட்டுக் கொடுத்தார். மீண்ட பாதியில் சாமியார் இருக்கிறார், கேக் இருக்கிறது, என் மைத்துனர் நாலு படத்தில் இருக்கிறார், பிள்ளையைக் காணோம். என் மனைவி பிலோமினா அதைச் சொல்லிச் சொல்லி இன்றைக்கும் சிரிப்பாள். எனக்கு அன்றைக்கு வந்த பயம் அப்படியே தங்கிவிட்டது.

அதனால் இலவச ஆன்டிவைரஸ் ஒன்று போட்டேன். எதிர்வீட்டுக்காரர் இன்னொன்றைப் புகழ்ந்தார், அதையும் போட்டேன். மூன்றாவது, வேறு எதையோ இறக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தது. நான் அதை விரட்டவில்லை. மூட்டைக்கு மூன்று பேர் என்றால் கம்ப்யூட்டருக்கும் மூன்று பேர் இருக்கட்டுமே என்று நினைத்தேன். அதன்பிறகு கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தால்தான் திரை முழுசாகத் தெரியும். ஒன்று தினமும் காலையில் பெண் குரலில் ஆங்கிலத்தில் பேசும். அந்தம்மா பேசிடுச்சு, இனிமே எழுந்துடும் என்று பிலோமினா சமையல்கட்டிலிருந்தே சொல்வாள். போட்ட முதல் வாரமே ஒன்று இன்னொன்றைப் பார்த்து, இது ஆபத்தானதாக இருக்கலாம் என்று எச்சரித்தது. கெட்டிக்காரன்தான் என்று மெச்சிக்கொண்டேன்.

ஒன்று போதும், மூன்றும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கும் என்று ஸ்டெல்லா பலமுறை சொன்னாள். நான் ஆலை முறையைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு போய்விடுவாள்.

அந்த வியாழக்கிழமை அவளுக்குக் கல்லூரியில் ப்ராஜெக்ட் வைவா. மதியம் இரண்டரைக்கு, எக்ஸ்டர்னல் என்று வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் அவள் செய்த ப்ரோக்ராமை ஓட்டிக் காட்ட வேண்டும். காலையில் ரிப்போர்ட்டை பைண்டிங்கிலிருந்து வாங்கி வர பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிருந்தாள். பென் டிரைவ் கம்ப்யூட்டரிலேயே செருகியிருந்தது. முந்தின நாள் அது ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்தது எனக்கு ஞாபகம் வந்தது. முக்கியமான நாள், எதற்கும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

முதலாவது ஒன்றுமில்லை என்றது. இரண்டாவது யோசித்துக்கொண்டே இருந்தது. மூன்றாவதுதான் சிவப்புப் பெட்டியைத் தூக்கியது. ‘ஏபி ஃபைனல் டூ’ என்று ஒரு ஃபைல். எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி ஒரு பெயர் கிடையாது. மூவரில் ஒருவருக்குச் சந்தேகம்; போதும். அழித்தேன். இனி இதையே செய் என்ற கட்டத்திலும் டிக் போட்டேன். அதோடு விட்டேனா? அதே குறி வேறெங்காவது இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் முழுவதும் தேடச் சொன்னேன். இன்னொரு ஃபோல்டருக்குள் அதே பெயரில் ஒன்று இருந்தது. இம்முறை இரண்டாவது விழித்துக்கொண்டு முந்திக்கொண்டு தூக்கியது. மனசுக்கு நிறைவாக இருந்தது. பிலோமினாவிடம் இன்னொரு டீ கேட்டேன்.

பதினொன்றே காலுக்கு ஸ்டெல்லா வந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தாள்.

“நைனா, ஏபி ஃபைனல் டூ எங்க?”

“அது வைரஸும்மா. ரெண்டு எடத்துல இருந்துது. ரெண்டையும் எடுத்துட்டேன்.”

“அது என் ப்ராஜெக்ட்டு நைனா.”

அவள் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் சொன்னாள்.

ஏபி என்றால் அடுத்த பஸ். ஊர்ப் பெயரைத் தட்டினால் செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்த ஊருக்கு அடுத்த பஸ் எப்போது என்று சொல்லும். அதற்காக ஐந்து மாதம் கல்லூரி விட்டு வந்ததும் நோட்டும் கையுமாக பஸ் ஸ்டாண்டில் நின்றாள். டிரைவர், கண்டக்டர், வேர்க்கடலை விற்பவர் வரை எல்லாரையும் கேட்டு எழுதினாள். அனந்தபுரம் போகும் மினி பஸ் சந்தை நாளில் பத்து நிமிடம் முன்னாலேயே கிளம்பிவிடும் என்பதுவரை அதில் இருந்தது. முந்தாநாள் கல்லூரி லேபில் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டி எடுத்து வந்திருக்கிறாள். லேப் கம்ப்யூட்டரில் வைத்ததை அன்றன்று மாலையே துடைத்துவிடுவார்களாம். வீட்டில் மிச்சம் இருந்தது இரண்டு மாதம் முந்தைய அரைகுறை. மெயிலில் தனக்கே அனுப்பி வைக்கப் பார்த்திருக்கிறாள். இந்த மாதிரி ஃபைலை அனுப்ப முடியாது என்று மெயிலும் சந்தேகப்பட்டுவிட்டதாம். இன்று காட்டாவிட்டால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான்.

ஏன் அதைப் போய் வைரஸ் என்றது என்று கேட்டேன்.

“உலகத்துல இந்த ஃபைல யாருமே இதுக்கு முன்னால பாத்ததில்ல. நான் முந்தாநாள்தான் செஞ்சேன். முன்னப்பின்ன தெரியாதவன்லாம் அதுக்குத் திருடன்தான்.”

இதைக் கேட்டதும் எனக்கு நாரால் வாய் கட்டிய இரண்டு மூட்டை ஞாபகம் வந்தது. பதினெட்டு வருடம் முன்னால் நடந்தது.

அப்போது ஆலையில் எனக்கு ஒன்பதாவது வருடம். தொண்டூரிலிருந்து ஒரு டிராக்டர் நெல் வந்தது. எல்லாம் பழகின வெள்ளை நெல். இரண்டு மூட்டை மட்டும் வேறு மாதிரி. உமி கருத்து, மணி குட்டையாக, நுனியில் மீசை வைத்து இருந்தது. சாக்கு வாயைச் சணலால் கட்டாமல் நாரால் கட்டியிருந்தார்கள். இறக்குகிறவர் உதட்டைப் பிதுக்கினார். எடை போடுகிறவர் தலையாட்டினார். நான் கலப்பு என்றேன். அதுவரை முறைப்படிதான் நடந்தது. ஆனால் பலகைமேல் இடமில்லை, அடுக்கு ஏற்கெனவே கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. சீட்டு எழுதவும் சோம்பல். கோழித் தீவனத்துக்குப் போகும், மணி பிடிக்காத கருக்காய்க் குவியலில் இரண்டையும் கொட்டச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் அஞ்சலை என்று ஒரு அம்மா தொண்டூரிலிருந்து பஸ் பிடித்து வந்தார். நார் போட்டுக் கட்டிய இரண்டு மூட்டையும் விதை நெல்லாம். மாமியார் வீட்டு வழியில் வந்தது, சுற்றுவட்டத்தில் வேறு யாரிடமும் கிடையாது. டிராக்டரில் ஏற்றியவர்கள் தெரியாமல் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் கருக்காய்க் குவியலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

“ஏன் சார், பேர் இன்னான்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

சுப்பராயன் சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துக்கொண்டே இருந்தார். நடுவில் சாப்பாட்டுச் சங்கு ஊதியது, அப்போதும் நிறுத்தவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்ட பிறகுதான் என்னிடம் பேசினார்.

“யோவ், நீ சந்தேகப்பட்டது தப்பில்ல. எனக்கும் தெரியாத நெல்லு, நானும் சந்தேகப்பட்டிருப்பேன். அந்தம்மா வர்றதுக்குள்ள முடிச்சிட்ட பாரு, அதான் தப்பு.”

பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே ஒரு முறத்தை எடுத்து உட்கார்ந்தார். எனக்கொரு முறம். அஞ்சலையம்மா எதிரில் உட்கார்ந்து, புடைத்ததை விரலால் தள்ளித் தள்ளி, இது எங்குளுது, இது இல்ல என்று பிரித்தார். இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு மூட்டையில் ஒன்றரை மரக்கால் திரும்பியது. அதை முந்தானையில் முடிந்துகொண்டு, இது போதும், இரண்டு போகத்தில் பெருக்கிக்கொள்வேன் என்று சாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

முறத்தின் ஞாபகம் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்தேன். பென் டிரைவில் இருந்ததை நான் கொட்டியாகிவிட்டது. இரண்டாவது ஆன்டிவைரஸ் தூக்கியதே, அது என்ன செய்தது என்று கேட்டேன். அவள் ஏதோ ஒரு பட்டியலைத் திறந்தாள். குவாரன்டைன் என்று தலைப்பு. உள்ளே ஒரே ஒரு வரி. ஃபைலின் பெயர், அது இருந்த இடம், பிடித்த நேரம், சந்தேகம் என்ன. பக்கத்தில், திருப்பி வை என்று ஒரு பொத்தான்.

எனக்கு அந்தப் பட்டியலைக் கும்பிடத் தோன்றியது. பலகைமேல் அடுக்கிச் சீட்டுக் கட்டி வைத்திருந்தது. நான் மறந்த முறையை அந்த இலவசச் சாமான் மறக்கவில்லை.

ஸ்டெல்லா திருப்பி வைத்தாள். ஃபைல் வந்தது. மூச்சு விடுவதற்குள் மூன்றாவது பாய்ந்து அதைப் பிடித்தது. இரண்டாவது விட மறுத்து இழுத்தது. திரையில் ஒரே சமயத்தில் இரண்டு பெட்டிகள், இரண்டும் தான்தான் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டன. நல்ல வேளை, அந்த இழுபறியில் இரண்டாவது ஜெயித்து, ஃபைல் மறுபடியும் பட்டியலுக்குள் போனது. ஸ்டெல்லா கையை எடுத்துவிட்டாள்.

“இன்னொரு தடவ விட்டா அது அழிச்சிடும் நைனா. நீதான் டிக் போட்டு வச்சிருக்குற.”

மூன்று பேர் முறையிலும் எனக்கு ஒரு பாதிதான் ஞாபகம் இருந்திருக்கிறது. ஆலையில் மூன்று பேரும் ஒருவர் பார்த்து நகர்ந்த பிறகுதான் அடுத்தவர் பார்ப்போம். ஒரே மூட்டைக்குள் மூன்று கை நுழைந்ததே இல்லை. முடிவு சொல்ல மேலே சார் இருந்தார். இங்கே யார் இருந்தார்கள்?

முதலாவதையும் மூன்றாவதையும் நீக்கிவிட முடிவு செய்தோம். முதலாவது சுலபத்தில் போகவில்லை. உண்மையிலேயே போகச் சொல்கிறீர்களா என்றது. ஆம் என்றோம். நான் போனால் உங்கள் கம்ப்யூட்டருக்கு யார் இருக்கிறார்கள் என்கிற தோரணையில் இன்னொரு பெட்டி. ஆம். ஏன் போகச் சொல்கிறீர்கள், ஐந்து காரணத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றது. பிலோமினா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த உறவுக்காரன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது இப்படி அழுதிருக்கிறான் என்று கேட்டாள். சிரிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்பதால் அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி நேர்ந்துகொண்டிருப்பதாகவும் அவள் சொன்னாள். மூன்றாவது போகும்போது கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும் என்றது. அணைத்தோம். அது நீல வட்டத்தைச் சுற்ற விட்டுக்கொண்டு எங்களை உட்கார வைத்தது.

“பன்னண்டு இருபது பஸ்ஸு போயிடுச்சு,” என்றாள் ஸ்டெல்லா, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமலே. “அடுத்தது பன்னண்டு அம்பது. அத வுட்டா ஒண்ணே முக்கால்தான்.”

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்குத் திரை வந்தது. மிச்சம் இருந்த ஒரே ஆன்டிவைரஸிடம் இந்த ஃபைல் நம்முடையது, இதைத் தொடாதே என்று முதலில் குறித்து வைத்தாள். பிறகு திருப்பி வை என்பதை அழுத்தினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது ஃபைல் இருந்தது. நிஜமாகவே ஓடுகிறதா என்று பார்க்கத் திண்டிவனம் என்று தட்டினாள். 12.50 என்று வந்தது. அப்போதுதான் மூன்று பேரும் சிரித்தோம்.

பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு எழுந்தவளிடம், கல்லூரிக் கம்ப்யூட்டரிலும் ஆன்டிவைரஸ் இருக்குமே என்றேன். இருக்கும், எக்ஸ்டர்னல் முன்னாலேயே சிவப்புப் பெட்டி வந்தாலும் வரும் என்றாள். வாசல் வரை போன செருப்பு நின்றது. நான் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் நாலு வரி எழுதினேன். யாருடையது: ஸ்டெல்லா, பி.சி.ஏ. மூன்றாம் வருடம். எங்கிருந்து வந்தது: அவள் சொந்தமாகச் செய்தது. சந்தேகம் என்ன: புதியது என்பதால் எந்தக் கம்ப்யூட்டருக்கும் முன்பின் தெரியாது. நாலாவது வரிக்கு என் கை தானாக ஓடியது: உரியவர் முன்னிலையில் பார்க்கவும். மடித்து, பென் டிரைவின் ஓட்டையில் நூல் கோத்துக் கட்டினேன்.

“இன்னா நைனா, இது இன்னா நெல்லு மூட்டையா?” என்றாள். ஆனால் அவிழ்க்கவில்லை. வண்டியில் ஏற்றி பஸ் ஸ்டாண்டில் விட்டேன். பஸ் அவள் ப்ரோக்ராம் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே கிளம்பியது. அதையும் ஜன்னல் வழியாக நோட்டில் குறித்துக்கொண்டாள்.

ஆலைத் தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒன்று போடுங்கள். எது வேண்டுமானாலும் இருக்கட்டும், ஒன்றே ஒன்று. அது எதையாவது பிடித்தால் அழிக்கச் சொல்லாதீர்கள், ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். அந்த ஃபைல் யாருடையது என்று ஆபீஸ் முழுக்கக் கேளுங்கள். பெயரைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. போன் செய்யலாமா என்று நாலு முறை எடுத்து நாலு முறை வைத்தேன். வைவா நடக்கும்போது மணி அடித்து அதையும் கெடுத்துவிடக் கூடாதே. மூன்று மணி, நாலு மணி. பிலோமினா கோயிலுக்குப் போய் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டே வந்துவிட்டாள். முடிவு தெரியாமலே ஏற்றிவிட்டாயே என்றேன். ஃபைல் கிடைச்சதுக்குத்தான் நேந்தேன், பாஸுக்கு நேரல என்றாள்.

ஆறு மணிக்கு மேல் கேட் சத்தம் கேட்டது. ஸ்டெல்லா வந்தாள். செருப்பைக் கழற்றினாள், முகம் கழுவினாள், தண்ணீர் குடித்தாள். அவள் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து என் கையில் வைத்தாள். சீட்டு அப்படியே கட்டியிருந்தது. நாலாவது வரிக்குக் கீழே யாரோ பச்சை மையில் ஒரு டிக் போட்டிருந்தார்கள்.

“ஓட்டிக் காட்டிட்டேன் நைனா. ஆனா அங்கயும் புடிச்சிக்கிச்சு. லேப் சார் அழிக்கப் போனாரு. எக்ஸ்டர்னல் அவர் கையப் புடிச்சிட்டு, சீட்டு முழுசும் படிச்சாரு. இன்னார் பொருள்னு எழுதியிருக்குதே, அந்தப் பொண்ணு யாருன்னாரு. நான்தான் சார்னு முன்னால போய் நின்னேன். ‘அப்ப உரியவங்க வந்தாச்சு, தொறங்க’ன்னாரு.”